நூற்று நாற்பத்து நான்கு பச்சைத் துண்டுகள்

சென்ற ஞாயிறு காலை பத்தேகால் மணிக்கு என் மகள் தன் கைபேசியை என்னிடம் நீட்டினாள். யாரோ ஒரு பெண் பழைய கண்ணாடி வளையல்களைத் துணியில் சுற்றிச் சுத்தியலால் உடைத்து, அந்தத் துண்டுகளை உருக்கி, கிறிஸ்துமஸ் மரத்தில் தொங்கவிடும் நட்சத்திரம் செய்கிறாள். இரண்டு நிமிடக் காணொளி. முதல் அடி விழுந்ததுமே நான் “ஐயோ, வேணாம்” என்று கத்திவிட்டேன். டம்ளரில் இருந்த டீயில் பாதி மேசையில் கொட்டிவிட்டது.

“என்னம்மா, கண்ணாடி உன் மேலயா தெறிச்சுது?” என்று மகள் சிரித்தாள்.

மேசையைத் துடைத்தேன். அன்றைய நாட்குறிப்பில் ‘காணொளி பார்த்தேன்’ என்று மட்டும் எழுதி மூடினேன். நான்கு நாளாக அந்த ஒற்றை வரி உறுத்துகிறது. நாட்குறிப்பில் பொய் எழுதுவதில்லை என்பது என் வழக்கம். இது பொய் இல்லைதான். ஆனாலும் உறுத்துகிறது.

விருத்தாசலத்தில் என்னோடு வளர்ந்தவர்களே, நான் சொல்லப்போவதில் பாதி உங்களுக்குத் தெரிந்திருக்கும். கம்பெனி வீட்டு வளைகாப்பில் நடந்த கலாட்டாவை நீங்களும் கேள்விப்பட்டிருப்பீர்கள். மீதிப் பாதியை நான் யாரிடமும் சொன்னதில்லை. அதனால் முறையாக எழுதிவிடுகிறேன்.

அப்போது நான் ஆறாம் வகுப்பு. செராமிக் கம்பெனிகளுக்குப் பின்புறத் தெருவில் எங்கள் வீடு. தெருவில் எல்லார் வீட்டு ஜன்னல் கம்பியிலும் வெள்ளை மண் தூசு படிந்திருக்கும். காலையில் துடைத்தால் சாயங்காலம் மறுபடி இருக்கும். அம்மாவின் கடைசித் தங்கை, என் சித்தி, எங்களோடு இருந்தாள். இருபத்தொரு வயது. கம்பெனியில் பொம்மைகளுக்கு வர்ணம் தீட்டுகிற வேலை.

பொம்மைகளைச் சுடுகிற பெரிய சூளை வேறு. வர்ணமும் தங்கக் கோடும் போட்ட பிறகு குறைந்த சூட்டில் மறுபடி சுடுவதற்கு ஒரு சின்னச் சூளை உண்டு. அதில் ஒரு மூலை எப்போதும் காலியாக இருப்பதைச் சித்தி கவனித்திருக்கிறாள். ஒரு நாள் உடைந்த வளையல் துண்டுகளை ஒரு மண் தட்டில் பூ மாதிரி அடுக்கி அந்த மூலையில் வைத்துவிட்டாள். மறுநாள் சூளை திறந்தபோது துண்டுகள் ஒன்றோடொன்று இளகி ஒட்டி, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் கண் கூசுகிற ஒரு கண்ணாடிப் பூ வந்தது. சூளை மேஸ்திரி திட்டுவார் என்று பயந்தாள். அவர் அதை வாங்கிச் சூரியனுக்கு நேராகப் பிடித்துப் பார்த்துவிட்டு, “எம் பொண்ணு வூட்டுக்கு ஒண்ணு செஞ்சு குடும்மா” என்றாராம்.

அந்த மார்கழியில் கோயில் பக்கத்துத் தெருக்களிலும் சர்ச் பக்கத்து வீடுகளிலும் சித்தியின் கண்ணாடிதான் பேச்சு. கிறிஸ்துமஸுக்கு நட்சத்திரம், பொங்கலுக்குக் கரும்பும் பானையும், புதுவீடு புகுபவர்களுக்கு மாவிலைத் தோரணம். ஜன்னலில் கட்டிவிட்டால் காலை வெயிலில் தரையெல்லாம் நிறம் விழும். எங்கள் வீட்டுத் தரையில் விழுந்த சிவப்பின் மேல் காலை வைக்க எனக்கு மனம் வராது, தாண்டிப் போவேன்.

இந்த வேலையில் என் பங்கு முக்கியமானது. வளையல்காரர் கொடுக்கும் உடைசல்களை வாரத்துக்கு ஒரு முறை வாங்கி வருவேன். கழுவிக் காயவைப்பேன். பழைய கோணித் துண்டில் சுற்றிச் சின்னச் சுத்தியலால் தட்டி, எல்லாத் துண்டும் ஒரே நீளம் வரும்படி உடைப்பேன். ஏழு பிஸ்கட் டப்பாக்களில் நிறவாரியாகப் போடுவேன். எந்த டப்பாவில் எத்தனை துண்டு என்று ஒரு நோட்டில் எழுதி வைப்பேன். பாட்டில் கண்ணாடியை வளையலோடு கலந்தால் சூளையில் வெடித்துவிடும். வளையலிலேயே வேறு வேறு சரக்கைக் கலந்தால்கூடச் சில சமயம் கீறல் விடும். இதெல்லாம் எனக்கு அத்துப்படி. “இவ இல்லன்னா எனக்கு ஒரு வேலையும் ஓடாதுக்கா” என்று சித்தி அம்மாவிடம் சொல்வதைக் கேட்டு மிகவும் கர்வப்பட்டிருக்கிறேன்.

எதிர்வீட்டு அக்கா சித்தியோடு வர்ணம் தீட்டியவள். கல்யாணமாகி இரண்டு வருடம். அவளுடைய வீட்டுக்காரர் கம்பெனிக்கு மண் ஏற்றிவரும் டிராக்டர் ஓட்டினார். ஐப்பசியில் மஞ்சள் காமாலை வந்து பதினோரு நாளில் இறந்துபோனார். அதன் பிறகு கம்பெனியில் அவளைப் பொம்மைகளுக்குக் கண் வரைய விடவில்லை. கல்யாண ஜோடி பொம்மைக்கு அவள் கண் வரையக் கூடாதாம். வைக்கோல் வைத்துப் பெட்டி கட்டும் இடத்துக்கு மாற்றிவிட்டார்கள். அவளுக்கு அப்போது இருபத்திரண்டு வயதுதான். எனக்கு அன்று அது பெரிய வயதாகத் தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவளுடைய மாமனாரும் மாமியாரும் சாப்பிட்டுப் படுத்ததும் அவள் எங்கள் வீட்டுக்கு வருவாள். சித்தியும் அவளும் பின்கட்டு அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்வார்கள். பத்து நிமிடம். உள்ளே கண்ணாடி ஒன்றோடொன்று இடிக்கும் மெல்லிய சத்தம் கேட்கும். புது நட்சத்திரத்துக்குத் துண்டு பொறுக்குகிறார்கள் என்று நினைத்தேன். என்னைச் சேர்த்துக்கொள்ளவில்லையே என்று ஒரு வாரம் கோபமாகக்கூட இருந்தேன்.

தை பிறந்ததும் கம்பெனி முதலாளி வீட்டிலிருந்து சொல்லி அனுப்பினார்கள். மருமகளுக்கு வளைகாப்பு. அவள் உட்காரும் நாற்காலிக்கு மேலே தொங்கவிட ஒரு கண்ணாடிக் கிளி வேண்டும். சித்தி மூன்று நாள் காகிதத்தில் வரைந்து பார்த்தாள். உடம்புக்குப் பச்சை. மூக்குக்கு மட்டும் சிவப்பு, அதைத் தனியாகச் சுட்டுக் கம்பியால் பிணைத்துவிடலாம். தொங்கவிட, பழைய ஹீட்டர் சுருளிலிருந்து வெட்டிய கம்பி வளையம். எல்லாம் தயார். பச்சைதான் போதவில்லை.

புதன்கிழமை காலை வேலைக்குக் கிளம்பும்போது டப்பாவைக் குலுக்கிப் பார்த்துவிட்டு, “வாலு வராது போலிருக்குது. மொட்டக் கிளிதான் பறக்கப்போவுது கம்பெனி வூட்ல” என்று சொல்லிவிட்டுப் போனாள். சாயங்காலத்துக்குள் தட்டு சூளைக்குப் போயாக வேண்டும்.

பள்ளி விட்டு வந்ததும் நான் பின்கட்டு அலமாரியை ஒழுங்குபடுத்தினேன். யாரும் சொல்லவில்லை. எதுவும் கலைந்து கிடந்தால் எனக்கு அப்போதும் பிடிக்காது. சித்தியின் மடித்த புடவைகளுக்கு அடியில், நீலக் கோடு போட்ட ஆண்பிள்ளைக் கைக்குட்டை ஒன்றில் எதையோ சுற்றி வைத்திருந்தது. பிரித்தேன். பன்னிரண்டு பச்சை வளையல்கள். முழுசாக, ஊரெல்லாம் போடுகிற சாதாரணப் பச்சை. ஒன்றிலும் கீறல் இல்லை.

வாங்கி வைத்ததைச் சித்தி மறந்துவிட்டாள் என்று நினைத்தேன். வேறு எதுவும் தோன்றவில்லை. கோணித் துண்டை விரித்தேன். ஒவ்வொரு வளையலிலும் பன்னிரண்டு துண்டு. அவ்வளவு சீராக அதற்கு முன் நான் உடைத்ததில்லை. நூற்று நாற்பத்து நான்கு என்று நோட்டில் எழுதினேன். கைக்குட்டையை நான்காக மடித்து, இருந்த இடத்திலேயே வைத்தேன்.

தட்டை எடுத்துப்போக வந்த சித்தி டப்பாவைத் திறந்து திகைத்தாள். “எங்கேருந்துடி இவ்ளோ பச்சை?”

“வூட்லயே இருந்துச்சு சித்தி.”

“என் ராசாத்தி” என்று என் கன்னத்தைக் கிள்ளிவிட்டு அடுக்க உட்கார்ந்தாள். அவளும் மேற்கொண்டு கேட்கவில்லை. இதைப் பல வருடம் யோசித்திருக்கிறேன். ஒரு கேள்வி கூடுதலாகக் கேட்டிருந்தாலும் பயனில்லை. உடைத்தது உடைத்ததுதான்.

சனிக்கிழமை சூளையிலிருந்து கிளி வந்தது. ஒரு கீறல்கூட இல்லை. “எல்லாம் ஒரே சரக்கு போலிருக்குது, அதான் வெடிக்கல” என்றாள் சித்தி.

ஞாயிறு காலை ஒன்பது மணிக்குக் கம்பெனி வீட்டில் கிளியைக் கட்டிவிட்டு, புடவை மாற்றுவதற்காகச் சித்தி வீடு திரும்பினாள். தெருவே வளைகாப்புக்குப் போயிருந்தது. அம்மாவும் போய்விட்டாள். பத்து மணிக்கு முகூர்த்தம், எங்களுக்கு ஏற்கெனவே நேரமாகிவிட்டது. நான் பட்டுப் பாவாடையோடு வாசலில் நின்றேன். அப்போது எதிர்வீட்டு அக்கா வந்தாள். அவளுக்கு அங்கே அழைப்பில்லை. தெருவில் யாரும் இல்லாததால் அன்று சீக்கிரமே வந்துவிட்டாள்.

“இன்னைக்கு மெதுவா போட்டுக்கலாம்டி. கேக்கறதுக்கு ஆளே இல்ல” என்று சிரித்துக்கொண்டே உள்ளே போனாள்.

அறைக் கதவை அன்று தாழ்ப்பாள் போடவில்லை. சித்தி புடவைகளுக்கு அடியில் கையை விட்டாள். கைக்குட்டையை எடுத்தாள். அது தட்டையாக இருந்தது. உதறினாள். மறுபடி உதறினாள்.

“இங்கதான் வச்சேன். சத்தியமா இங்கதான்...”

“நாந்தான் எடுத்தேன்” என்றேன் நான், அறை வாசற்படியில் நின்று. “பச்சை பத்தலன்னு சொன்னியே சித்தி. நானே ஒடச்சேன். எல்லாம் ஒரே அளவு.”

சித்தி வாயைப் பொத்திக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். அக்கா என்னைப் பார்த்தாள். அவளுக்கு நான் சொன்னது புரியவில்லை என்று நினைத்து, சுத்தியல் பிடிப்பது போலக் கையை வைத்துத் தட்டிக் காட்டினேன்.

அதன்பின் சித்தி அழுதுகொண்டே துண்டு துண்டாகச் சொன்னதிலிருந்துதான் எனக்கு விஷயம் தெரிந்தது. மாசி மகத் திருவிழாக் கடையில் அக்காவின் வீட்டுக்காரர் வாங்கிப் போட்டுவிட்ட வளையல்கள் அவை. பத்தாம் நாள் மணிமுத்தாற்றங்கரையில் உடைப்பதற்கு முன்பே, முந்தின நாள் மத்தியானம் அக்கா அவற்றைச் சோப்பு போட்டுக் கழற்றிச் சித்தியிடம் கொடுத்துவிட்டாள். கரையில் பெண்கள் உடைத்தது அன்று காலை அவர்களே போட்டுவிட்ட வேறு வளையல்களை. அவளுடைய டிரங்குப் பெட்டியை மாமியார் அடிக்கடி திறந்து பார்ப்பார் என்பதால் இங்கே இருந்தன. வாரத்தில் பத்து நிமிடம் அவற்றைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டுக் கழற்றிவைத்துவிட்டுப் போவாள். அவ்வளவுதான்.

ஆற்றங்கரையில் தப்பித்ததை நான் வீட்டில் உட்கார்ந்து உடைத்திருக்கிறேன்.

“எங்க இருக்குது இப்ப?” என்று அக்கா கேட்டாள்.

“கம்பெனி வூட்ல. கிளியா... தொங்குது” என்றாள் சித்தி. சொன்ன பிறகுதான் அதன் அர்த்தம் அவளுக்கே உறைத்தது. “ஐயோ, வளைகாப்பு வூட்லடி! யாருக்கும் தெரியாது. யாராலயும் கண்டுபுடிக்க முடியாது. வுட்டுடுடி. நாளைக்கு நான் ஏதாச்சும் சொல்லி வாங்கியாந்து தரேன்.”

“நாளைக்கு அது அவங்க பொருளாயிடும்.”

“நீ போனா என்னா ஆவும்னு தெரியுதா? வேலை பூடும். என் வேலையும் பூடும்.”

“எனக்கு என்னுது வேணும்” என்றாள் அக்கா. அவள் குரல் உயரவில்லை. செருப்பைக்கூடப் போடாமல் தெருவில் இறங்கி நடந்தாள். சித்தி பின்னால் ஓடினாள். நான் சித்தியின் பின்னால் ஓடினேன்.

கம்பெனி வீட்டுக் கூடத்தில் ஒரே சிரிப்பு. நாற்காலியில் மருமகள், இரண்டு கையிலும் முழங்கை வரை வளையல். “கை கொள்ளலடி, காலுல போடலாமா?” என்று ஒருத்தி. “பொண்ணுதான். கிளி எப்படி மொறைக்குது பாரு, பொம்பளைப் புள்ளைக்குத்தான் அப்படி மொறைக்கும்” என்று இன்னொருத்தி. மருமகள் வெட்கத்தோடு தலைக்கு மேலே அண்ணாந்து பார்த்தாள். ஜன்னல் வெளிச்சம் கிளியின் வழியாக வந்து அவள் நெற்றியில் பச்சையாக விழுந்திருந்தது. எவ்வளவு அழகாக இருந்தது என்று இப்போதும் சொல்வேன்.

வாசலில் அக்காவைப் பார்த்ததும் பேச்சு ஒவ்வொன்றாக நின்றது. முதலாளி வீட்டு அம்மா சந்தனக் கிண்ணத்தோடு எழுந்தார்.

“என்னாம்மா இது? நாளு கெழமை தெரியாது உனக்கு? சாப்பாடு வேணும்னா பின்னால வர்றது.”

“சாப்பிட வரலைங்கம்மா. அந்தக் கிளி என் வளையல்ல செஞ்சதுங்க. அவரு வாங்கிக் குடுத்தது. தெரியாம இங்க வந்துடுச்சு. எடுத்துக்கிட்டுப் போயிடறேன்.”

ஒருவருக்கும் முதலில் புரியவில்லை. பிறகு ஒரே நேரத்தில் எல்லாருக்கும் புரிந்தது. “ஐயையோ” என்று யாரோ அலறினார்கள். மருமகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நாற்காலியை விட்டு எழுந்தாள். கையில் இருந்த அத்தனை வளையலும் சரிந்து சத்தமிட்டன. “எடுத்துக் குடுத்துடுங்க அத்தை, சீக்கிரம், சீக்கிரம்” என்று அவள் நடுங்கியது கண்ணில் இருக்கிறது.

யாரும் கிளியைத் தொடத் தயாராக இல்லை. ஒட்டடைக் குச்சியால் நூலை இழுத்தார்கள். கீழே விழட்டும் என்றுதான் இழுத்தார்கள். அக்கா அத்தனை பெண்களுக்கும் நடுவில் நேராக நடந்துபோய் முந்தானையை ஏந்தி நின்றாள். கிளி அதில் விழுந்தது. அவள் குனிந்து அதைப் பார்த்துவிட்டு, யாரையும் பார்க்காமல் வெளியே வந்தாள். அம்மா கூட்டத்திலிருந்து பாய்ந்து வந்து என் கையைப் பிடித்தாள். நான் உதறிக்கொண்டு ஓடினேன்.

பிறகு நடந்தவற்றைச் சுருக்கமாக எழுதுகிறேன். மருமகள் கையிலிருந்த எல்லா வளையலையும் கழற்றிவிட்டு, வளையல்காரரைக் கூப்பிட்டுப் புதிதாகப் போட்டார்கள். கூடத்தை மஞ்சள் தண்ணீர் விட்டுக் கழுவினார்கள். மறுநாள் அக்காவையும் சித்தியையும் வேலைக்கு வரவேண்டாம் என்றார்கள். அந்த வாரமே அக்காவை அவளுடைய அம்மா ஊரான கருவேப்பிலங்குறிச்சிக்குப் பஸ் ஏற்றிவிட்டார்கள். என் அம்மா ஏழு டப்பாக்களையும் பின்னால் குழிவெட்டிக் கொட்டி மூடினாள். என் நோட்டு அடுப்புக்குப் போனது. முதலாளி வீட்டில் குழந்தை நல்லபடியாகத்தான் பிறந்தது. ஆனாலும் ஊர் பேச்சை விடவில்லை. பொறாமையில் வந்தாள், வயிறெரிந்து வந்தாள் என்றார்கள். “பாவம், புத்தி பேதலிச்சிடுச்சு” என்றார் அப்பா. அவரளவில் அது இரக்கம். அவள் தன் பொருளைக் கேட்டுத்தான் வந்தாள் என்று அந்தக் கூடத்தில் இருந்த ஒரு பெரியவருக்கும் தோன்றவில்லை. வாயால் கேட்டுத்தான் வாங்கிக்கொண்டாள். யாரையும் ஒரு வார்த்தை சபிக்கவில்லை. நான் அங்கே இருந்தேன்.

என்னை எல்லாரும் மன்னித்தார்கள். “கொழந்தை, தெரியாம செஞ்சிட்டா” என்று அம்மா எல்லாரிடமும் சொன்னாள். சித்திகூட அதையே சொன்னாள். அதற்குப் பிறகு அவள் கண்ணாடியைத் தொடவேயில்லை.

வரிசைப்படி எழுதியிருந்தால் இது முன்பே வந்திருக்க வேண்டும். கம்பெனிச் சுவரோரம், சூளையில் கோணிப்போன பொம்மைகளைக் கொட்டும் குவியல் ஒன்று இருந்தது. அதன் பக்கத்தில்தான் அக்காவை எட்டிப் பிடித்தேன். வெறுங்காலோடு வெள்ளைச் சில்லுகளின் மேல் நடந்துகொண்டிருந்தாள். மூச்சு வாங்க முன்னால் போய் நின்றேன். அவளுக்கு ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று மனதார நினைத்தேன். எனக்குத் தெரிந்த ஒரே நல்ல செய்தி அதுதான்.

“அக்கா, நூத்தி நாப்பத்தி நாலு துண்டுக்கா. நான் எண்ணினேன். ஒண்ணுகூடக் கொறையல.”

அக்கா கிளியை இடது கைக்கு மாற்றிக்கொண்டாள். வலது கையால் என் கன்னத்தில் ஓங்கி அறைந்தாள்.

அம்மா, சித்தி, டீச்சர் என்று எத்தனையோ பேரிடம் அடி வாங்கியிருக்கிறேன். யார் அடித்தாலும் கையோடு வளையலும் சேர்ந்து சத்தம் போடும். அன்று அறை விழுந்த சத்தம் மட்டும்தான் கேட்டது.